எங்கே தொடங்கினாலும் 6174

செல்போனில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். நான்கு இலக்க எண் ஒன்றை நினையுங்கள். 2222 மாதிரி நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது.

1947 என்றே எடுத்துக்கொள்ளலாம். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதினால் 9741. ஏறுவரிசையில் 1479. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 8262. இந்த விடையையும் அதேபோல் மாற்றி எழுதிக் கழிக்க வேண்டும். 8622 – 2268 = 6354. அடுத்து 3087. அப்புறம் 8352. அதற்கடுத்து 6174. அதோடு வண்டி நின்றுவிடும்! 7641 – 1467 செய்தாலும் திரும்ப 6174-தான் வரும்.

எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழே கழித்தலில் இங்கே வந்து சேர்ந்துவிடலாம். நடுவில் 999 வந்தால் 0999 என்று பூஜ்யத்தையும் சேர்த்து எழுத வேண்டும். கால்குலேட்டர் அதைக் காட்டாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இதைக் கண்டுபிடித்தவர் பெரிய பேராசிரியர் அல்ல. நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர். கப்ரேகர். பட்டம் வாங்கியதோடு சரி, மேற்படிப்பு கிடையாது. 1949-ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இந்த 6174-ஐ அறிவித்தார். ஆனால் கணித அறிஞர்கள் பலருக்கு அவருடைய ஆராய்ச்சி சிறுபிள்ளை விளையாட்டாகத்தான் தெரிந்தது. பலவற்றைத் தானே சிறு பிரசுரங்களாக அச்சடித்து வெளியிட்டார். ஓய்வுபெற்ற பிறகு பென்ஷன் போதாமல் டியூஷன் எடுத்தார்.

விளையாட்டுதானா இது? உள்ளே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முதல் விடையைத் தீர்மானிப்பவை இரண்டே வித்தியாசங்கள். மிகப் பெரிய இலக்கத்துக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆல் பெருக்க வேண்டும். நடு இலக்கங்கள் இரண்டின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 1947-க்கு அவை 8, 3. அதாவது 7992 + 270 = 8262. சரியாக வருகிறதல்லவா?

இப்படி வரக்கூடிய விடைகள் மொத்தமே 54. ஒரே இலக்கம் கொண்ட ஒன்பதை விட்டால் நான்கு இலக்க எண்கள் 8,991. அத்தனையும் முதல் கழித்தலிலேயே இந்த 54-க்குள் அடங்கிவிடுகின்றன! அந்த 54-ஐ மட்டும் சோதித்தால் போதும், எல்லாப் பாதையும் 6174-ல் முடிவது தெரிந்துவிடும்.

6174-க்கு இன்னொரு குணமும் உண்டு. இலக்கங்களைக் கூட்டினால் 18. அந்த 18-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 343 வரும். இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத்’, அதாவது மகிழ்ச்சி தருபவை, என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரும் கப்ரேகர்தான். வேறொரு வகை எண்களுக்குத் தன் ஊரான தேவ்லாலியின் பெயரையே சூட்டினார் மனிதர்.

1975-ல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் அவரைப் பற்றி எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தபோது கப்ரேகருக்கு வயது 70. இன்று 6174-க்குப் பெயரே ‘கப்ரேகர் மாறிலி’.

மூன்று இலக்க எண்களுக்கும் இப்படி ஒரு முடிவிடம் உண்டு: 495. இரண்டு இலக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. 9, 81, 63, 27, 45 என்று செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக் குட்டீஸிடம் ஆளுக்கொரு நான்கு இலக்க எண் கொடுத்துப் பாருங்கள். ஏழு முறை கழித்தும் 6174 வரவில்லை என்றால், கழித்தலை முதலிலிருந்து ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.