முன்னணிப் பாடகரின் இலக்கணம்

ரொக் இசைக்குழுவின் முன்னணிப் பாடகருக்கு இரண்டு பொறுப்புகள் உண்டு. பாட்டைப் பாடுவது ஒன்று. குழுவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்று இரண்டையும் ஒன்றாக்குவது மற்றது. சிறந்த பாடகர் யார் என்ற விவாதம் பெரும்பாலும் முதற்பொறுப்போடு நின்றுவிடுகிறது. எத்தனை ஸ்தாயி பாடுகிறார், உச்சத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பவையே அளவுகோல்களாகின்றன. மேடையில் ஒருவரை நிலைநிறுத்துவது இரண்டாவது பொறுப்புதான். அது பிறவி வரம் அன்று. பழகிப் பெறக்கூடிய தொழில்.

குரல் வீச்சைப் பற்றிய மிகைக்குக் குயீன் குழுவின் பிரெடி மெர்குரியே நல்ல எடுத்துக்காட்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வு அவருடைய பாட்டுகளையும் நேர்காணல்களையும் அளந்து பார்த்தது. பேச்சுக்குரலின் நடுநிலை ஏறத்தாழ 117 ஹேர்ட்ஸ். சாதாரணமான நடுத்தர ஆண்குரலுக்கு உரிய அளவு அது. அவர் நான்கு ஸ்தாயி பாடினார் என்ற பரவலான கூற்றை ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. அவருடைய தனித்தன்மை வேறிடங்களில் இருந்தது. குரல் அசைவு நொடிக்கு ஏறத்தாழ ஏழு தடவை என்ற விரைவில் நிகழ்ந்தது. அவருடைய உறுமலை அப்படியே பாடிக்காட்டிய வேறொரு ரொக் பாடகரின் தொண்டைக்குள் அதிவேகக் கமராவைச் செலுத்திப் பார்த்தபோது, குரல்நாண்களுக்கு மேலுள்ள போலிக் குரல்நாண்களும் சேர்ந்து அதிர்வது தெரிந்தது. ரசிகர்கள் அடையாளம் கண்டுகொண்டது இந்தக் குரல் நிறத்தைத்தான். மிக் ஜாகரோ பொப் டிலானோ குரல் வீச்சால் பெயர் பெற்றவர்கள் அல்லர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

குரலின் தரத்துக்கு அடுத்தது, அது மேடை இரைச்சலைத் தாண்டுவது. சுற்றிலும் சத்தம் கூடும்போது மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள். எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் விளக்கிய இந்த இயல்பே மேடைப் பாடகரின் முதல் எதிரி. 1965 ஓகஸ்ட் 15 அன்று நியூயோர்க்கின் ஷியா விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் 55,000க்கும் மேற்பட்டோர் முன் பாடியபோது, தாம் பாடுவது தமக்கே கேட்காத நிலை இருந்தது. பாடகரின் பக்கம் திருப்பிவைக்கும் ஒலிபெருக்கிகளான மேடை மொனிட்டர்கள் இந்தக் குறையைத் தீர்க்கவே வந்தன.

திறந்தவெளியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் வீதியில், மீமுரே கிராமத்துக்குப் பாதை பிரியும் ஹுன்னஸ்கிரியவைச் சுற்றிய மலைச்சரிவுகளில், தோட்டத்துக் கோயில் முற்றமே அரங்கமாகிறது. ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர்கள் இல்லை. மலைக்காற்று அதைக் கலைக்கிறது. மைக்குக்குப் பின்னால் நிற்பவர் தம் குரல் போதவில்லை என்று எண்ணிக் கத்தத் தொடங்குகிறார். மூன்றாவது பாட்டிலேயே தொண்டை கட்டிவிடுகிறது. மனிதக் காது 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையிலான ஒலியை மிகக் கூர்மையாக வாங்குகிறது. சொற்களின் தெளிவு பெருமளவு தங்கியிருப்பதும் அங்கேதான். மின்கித்தாரின் கூர்மை வந்து மோதுவதும் அங்கேதான். ஒலிப்பொறுப்பாளர் அந்த வரம்பில் கித்தாரைச் சற்றுத் தணித்துக் குரலுக்கு இடம் விட்டால், பாடகர் கத்தத் தேவையில்லை. மொனிட்டரில் தம் குரல் தெளிவாகக் கேட்கும்வரை முதற்பாட்டைத் தொடங்காதிருப்பது பாடகரின் கடமை.

தமிழில் ரொக் பாடுபவருக்கு உச்சரிப்புச் சோதனை ஒன்று கூடுதலாக உண்டு. மெட்டுக்காகக் குறிலை நீட்டினால் மலை மாலையாகிவிடும். ஆகவே நீட்டம் நெடிலிலோ சொல்லின் இறுதியிலோ விழும்படி பாட்டைக் கட்ட வேண்டும். அடிக்கும் தாளம் சொல்லின் முதலசையில் விழ வேண்டும். இலங்கையின் தமிழ் பொப் பாடகர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’ பேச்சுவழக்கின் சொல்லோட்டத்தையே தாளமாக்கியது. பொப் இசைச் சக்கரவர்த்தி என்று அழைக்கப்பட்ட ஏ. ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்த ‘சுராங்கனி’யைக் கடல் கடந்தும் கொண்டுசென்றார். 2018 ஜனவரியில் சென்னையில் அவர் காலமாகும்வரை அந்தப் பாட்டு அவருடைய அடையாளமாகவே இருந்தது. கேட்டவுடன் கூட்டம் திருப்பிப் பாடக்கூடிய பல்லவி அதன் பலம்.

கூட்டத்தைப் பாடவைப்பதே முன்னணிப் பாடகரின் தலையாய திறமை. 1985 ஜூலை 13 அன்று வெம்பிளி அரங்கில் ஏறத்தாழ 72,000 பேரைச் சொற்களே இல்லாத குரலோசையால் மெர்குரி பதில் பாடவைத்தார். எளிதாகத் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் சற்றுக் கடினமாக்கி, கூட்டத்தின் பதிலைக் கேட்ட பிறகே அடுத்ததைக் கொடுத்தார். அங்கே பாடியது போலவே கேட்டதும் திறமை.

இந்தக் கலை மலையகத்துக்கு அந்நியமானதன்று. மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தில் தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றுகிறார்கள். கூத்தை நடத்தும் மாஸ்டர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். எரிக்கப்பட்ட காமனுக்காக அவன் மனைவி இரதி பாடும் புலம்பலுக்குக் கூட்டம் எப்போது அமைதியாகும், எந்த இடத்தில் தப்பு ஓங்க வேண்டும் என்பதை அவர் முகங்களைப் பார்த்தே முடிவு செய்கிறார். தஞ்சைப் பகுதியின் லாவணியில் காமன் எரிந்தானா இல்லையா என்று இரு கட்சிகள் பாட்டாலேயே வாதிடுகின்றன. சிங்கள மேடையின் வாத பைலாவிலும் இருவர் அங்கேயே பாட்டுக் கட்டி மோதுகிறார்கள். எதிராளிக்கும் கூட்டத்துக்கும் ஒருசேர முகங்கொடுக்கும் இந்தப் பயிற்சி எந்த ரொக் பாடகருக்கும் பொருந்தும். மலையகத்து இளைஞர் குழுக்கள் வெளிநாட்டு ஒளிப்பதிவுகளைப் பார்த்துக் கற்கும் அளவுக்குத் தம் தோட்டத்து மாஸ்டரிடமும் கற்க வேண்டும்.

குழுவை வழிநடத்துவது இன்னொரு கூறு. பாடகரே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பதில்லை. இலங்கையின் மூன்ஸ்டோன்ஸ் குழுவில் கிளாரன்ஸ் விஜேவர்தன மெட்டமைத்துக் கித்தார் வாசித்தார். அன்னஸ்லி மாலேவன பல பாட்டுகளுக்குக் குரலானார். சென்னையில் 2018 ஜனவரியில் முதல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானாவும் ரொக்கும் ராப்பும் பாடும் பலர் முன்னணியைப் பகிர்ந்துகொண்டார்கள். இலங்கையின் ஜிப்சீஸ் குழுவில் 1970 முதல் சுனில் பெரேரா ஒருவரே முகமாக விளங்கினார். சமூகக் குறைகளை நடனத் தாளத்தில் வைத்துப் பாடிய அவர், 2021 செப்டெம்பரில் மறையும்வரை மேடையின் நம்பிக்கைக்குரிய குரலாக இருந்தார். மூன்று வழிகளுக்கும் பொதுவானது ஒன்றே: பாட்டை எப்போது முடிப்பது, எங்கே தனி வாசிப்புக்கு வழிவிடுவது என்ற சைகையை டிரம்ஸ் வாசிப்பவர் ஐயமின்றிப் புரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, நீடித்து நிற்றல். ஏரோஸ்மித் குழுவின் ஸ்டீவன் டைலர் 2006இல் தொண்டை அறுவைச் சிகிச்சைக்காகப் பயணத்தை இடைநிறுத்தினார். பாடுவதற்கு முன் மெல்லிய குரலில் பயிற்சி, போதிய நீர், போதிய உறக்கம், கச்சேரி முடிந்ததும் இரைச்சலில் பேசாதிருத்தல் ஆகியவை அடிப்படை. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவரை பாடுவதைத் தள்ளிப்போட வேண்டும்.

புதிய பாடகரைத் தெரிவு செய்யும் குழுக்களும் போட்டிகளின் நடுவர்களும் ஐந்தைப் பார்ப்பது நல்லது: தனக்கே உரிய குரல் நிறம், இரைச்சலிலும் கத்தாத கட்டுப்பாடு, கடைசி வரிசையில் நிற்பவருக்கும் விளங்கும் சொல், கூட்டத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமை, குழுவோடு ஒட்டிய தலைமை. சுருதிச் சுத்தம் இவற்றுக்கு அடிப்படை. அதை மட்டும் வைத்துப் புள்ளியிட்டால் நல்ல பாடகர் கிடைப்பார், முன்னணிப் பாடகர் கிடைப்பது தற்செயலாகிவிடும். ஆகவே தெரிவுச் சோதனை மூடிய அறையில் முடிந்துவிடக்கூடாது. முழுக்குழுவோடு, திறந்தவெளியில், அறிமுகமில்லாத கூட்டத்தின் முன் ஒரு பாட்டாவது பாடவைத்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.