கண்ணாடித் தொட்டியில் கடல் வெளிச்சம்

ஊத்துக்குளி என்றதும் வெண்ணெய் ஞாபகத்துக்கு வருமேயன்றிக் கடல் ஞாபகத்துக்கு வர நியாயமில்லை. ஆயினும் கடல் இல்லாத ஊரில்தானே கடலின்மீது ஆசை அதிகம்! கண்ணாடித் தொட்டியில் உப்பு நீரை நிரப்பிப் பவளம் வளர்க்கும் கலை அயல் நாடுகளில் வெகுவாகப் பரவியிருக்கிறது. அதைக் கண்டு ஆசை கொள்ளும் நேயர்களுக்கு இவ்வாரம் விளக்கைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

பவளம் பார்வைக்குச் செடி போலவும் தொடுவதற்குக் கல் போலவும் இருப்பினும், உண்மையில் அது ஒரு பிராணி. அதன் உடலுக்குள் கண்ணுக்குப் புலனாகாத பாசி குடியிருக்கிறது. அப்பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும் பங்கைக் குடிக்கூலியாகப் பவளத்துக்குச் செலுத்திவிடுகிறது. ஆகவே ஒளி குறைந்தால் பவளத்துக்குப் பட்டினி. அளவு மீறினாலோ பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும்.

சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், பவளப் பாறையின் இக்கோடியும் அக்கோடியும் அதற்கு ஒன்றே. தொட்டி விளக்கின் கதை வேறு. சிறு விளக்கொன்றை நீருக்கு 1 அடி உயரத்தில் தொங்கவிட்டால், நேர் கீழே விழும் ஒளியில் ஏறக்குறைய 35 சதவிகிதமே 1 அடி தள்ளியுள்ள இடத்தை அடையும். தூரம் கூடுவதும், கதிர் சாய்ந்து விழுவதும் அதற்குக் காரணம். விளக்கை 2 அடிக்கு உயர்த்தினால் அவ்விடத்துக்கு நடுவிலுள்ளதில் 70 சதவிகிதத்துக்கு மேல் கிட்டும். ஆனால் நடுவிலுள்ள ஒளியே முன்னிருந்ததில் கால் பங்காகிவிடும். சமத்துவம் வந்தது, சம்பத்துப் போயிற்று!

இதற்குப் பரிகாரம் பக்கத்துத் திருப்பூரிலேயே இருக்கிறது. பனியன் கம்பெனிகளில் துணியைப் பரிசோதிக்கும் மேஜைக்கு மேல் குழல் விளக்குகளை வரிசையாக மாட்டியிருப்பார்கள். நிழல் விழுந்தால் துணியின் குற்றம் தெரியாதல்லவா? தொட்டிக்கும் அதே உபாயந்தான். ஒரு பெரிய விளக்குக்குப் பதிலாகச் சிறு விளக்குகளைத் தொட்டியின் நீளம் முழுவதும் பரப்ப வேண்டும். கிளைப் பவளம் தன் அடிக்கிளைக்குத் தானே நிழல் செய்வது. பல பக்கங்களிலிருந்து ஒளி வந்தால் அந்நிழல் கரையும். மூடிக் கண்ணாடியில் படியும் உப்பை அடிக்கடி துடைக்க வேண்டும். புது விளக்கின் ஒளியைச் சில வார காலத்தில் படிப்படியாகவே கூட்ட வேண்டும். இரவில் இருளும் அவசியம்.

விளக்கு சமமாயிற்று, அதன் கீழே எதை வைப்பது? இதுவே பெரிய கேள்வி. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-ல் தேசியப் பூங்காவாயிற்று. 2001-ல் கல் பவளங்கள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றன. புலிக்கு உள்ள காவல் பவளத்துக்கும் உண்டு. அங்கிருந்து உடைத்து வந்த துண்டை நூறு ரூபாய்க்கு வாங்கினாலும் குற்றம் குற்றமே.

ஆகவே நம் நாட்டு வீடுகளுக்குச் செயற்கைப் பாறையும், தொட்டியிலேயே பிறந்த கோமாளி மீன்களும் போதும். அம்மீன்களைத் தொட்டியில் பெருக்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் செய்து காட்டியிருக்கிறார்கள். மீன்களுக்குச் சாதாரண விளக்கே தாராளம். பவளத்துக்கு ஒளி தரும் பொறுப்பைச் சூரியனிடமே விட்டுவிடுவோம்.