கொடியை மதியாத படகுகள்

ககன்யான் திட்டத்தில், விண்வெளி வீரர்கள் ஆபத்துக் காலத்தில் உயிர் தப்புவதற்கான ஏற்பாட்டைச் சோதிக்கும் ஏவுகலன் 2023 அக்டோபர் 21-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் செலுத்தப்பட்டது. வீரர்கள் அமர வேண்டிய கலம், அன்று ஆளில்லாமல், பாராசூட்டுகளின் துணையுடன் கரையிலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் வங்கக் கடலில் வந்து விழுந்தது. அதை மீட்டுக் கப்பலில் ஏற்றும் பொறுப்பு கடற்படையின் முக்குளிப்போரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர்கள் கடலில் இறங்கிப் பணியாற்றிய நேரத்தில் குறுக்கே ஒரு படகு வருமோ என்று அஞ்ச வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. ராக்கெட் ஏவப்படும் ஒவ்வொரு முறையும் கடற்பயணிகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. மீனவ கிராமங்களுக்குத் தகவல் போகிறது. மீனவர்கள் அன்றைய வருவாயை விட்டுக் கரையில் நிற்கிறார்கள். குறிப்பிட்ட கடற்பரப்பில் குறிப்பிட்ட நேரம் படகுகள் செல்லக்கூடாது என்று அரசு முடிவு செய்துவிட்டால் அதை நடத்திக்காட்டவும் அதனால் முடிகிறது.

திருப்பதி என்றதும் எல்லோருக்கும் மலைதான் நினைவுக்கு வரும். ஆனால் 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியையும் நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியையும் இணைத்து உருவாக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்துக்குக் கடலும் உண்டு. சூளூர்பேட்டையும் தடாவும் ஸ்ரீஹரிகோட்டாவும் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் இன்று அந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கரையில் சுற்றுலாப் படகுகளை அரசே ஊக்குவிக்கிறது. 2025 ஜனவரியில் சூளூர்பேட்டையில் மூன்று நாள் நடந்த பூநாரைத் திருவிழாவில் பீமுனிவாரிபாளையத்துப் படகுச் சவாரி முக்கிய ஈர்ப்புகளில் ஒன்று. ஆந்திர அரசு 2024-29 சுற்றுலாக் கொள்கையில் சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி அளித்திருக்கிறது. வடக்கே விசாகப்பட்டினத்தின் ருஷிகொண்டாவிலும் தெற்கே புதுச்சேரியிலும் ஸ்கூபா முக்குளிப்பு ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட கரை நெடுநாள் ஒதுங்கியிருக்கும் என்று எண்ண இடமில்லை.

படகுகள் பெருகுவதில் தவறில்லை. தண்ணீருக்கு அடியில் மனிதர் இருக்கிறார் என்பதைப் படகோட்டிக்குச் சொல்லும் ஒரே அடையாளம் ஒரு கொடி. அந்தக் கொடியின் பொருள் இந்தியக் கரையில் எத்தனை படகோட்டிகளுக்குத் தெரியும் என்பதுதான் கவலை.

நீலமும் வெள்ளையுமாக, ஓரம் வால்போலப் பிளந்த கொடி அது. கடல் சைகைக் கொடிகளில் ஆங்கில முதல் எழுத்துக்கு உரியது. அதை ஏற்றியிருக்கும் படகு, 'எனக்குக் கீழே முக்குளிப்பவர் இருக்கிறார். விலகி, மெதுவாகச் செல்' என்று சொல்கிறது. சிவப்பில் குறுக்கே வெள்ளைப் பட்டையிட்ட மற்றொரு கொடியும் உண்டு. அது அமெரிக்காவில் தோன்றிப் பல நாடுகளின் பொழுதுபோக்கு முக்குளிப்பில் வழக்கமாகிவிட்டது. கடலில் மோதல்களைத் தடுப்பதற்கான 1972-ம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, முக்குளிப்புப் பணியில் ஈடுபட்ட சிறு படகுகள் நீலவெள்ளைக் கொடியின் விறைப்பான வடிவம் ஒன்றைக் குறைந்தது ஒரு மீட்டர் உயரத்தில், எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி காட்ட வேண்டும் என்கிறது. 12 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு இத்தகைய அடையாளங்களிலிருந்து விலக்குத் தரும் அதே விதி, முக்குளிப்புப் படகுக்கு மட்டும் அந்த விலக்கை மறுக்கிறது. இயந்திரப் படகு, பாய்மரப் படகு, மீன்பிடிப் படகு ஆகிய எல்லாமே அதற்கு வழிவிட்டு விலகியாக வேண்டும். இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்று, வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ் விதிகளாகவும் ஆக்கியது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பது நீருக்கடியில் இருந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீரில் ஒலி காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. ஆகவே இயந்திரத்தின் இரைச்சல் கேட்குமே தவிர, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது பிரித்தறியாது. தலைக்கு மேலேயா, அரை கிலோமீட்டர் தொலைவிலா என்றும் புரியாது. பயந்து சட்டென்று மேலேறவும் முடியாது. வேகமாக ஏறினால் நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் கேடு. முக்குளிப்பின் முடிவில் சுமார் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று பிறகுதான் மேலே வரவேண்டும் என்பது அவர்கள் கற்கும் பாடம். அதன்பின் தலை நீர்மட்டத்தைத் தொடும் கணம்தான் மிக ஆபத்தானது. ஒரு தேங்காய் அளவே தெரியும் அந்தத் தலையை, வெயில் மினுங்கும் அலையில், வேகமாக வரும் படகின் முனையிலிருந்து பார்த்துக் கண்டுகொள்வது அரிது. நீரோட்டம் அவரைக் கொடியிலிருந்து தள்ளிக்கொண்டும் போயிருக்கலாம்.

இது கற்பனை அச்சமன்று. 2000 டிசம்பர் 18-ல் மெக்சிகோவின் கொசுமெல் தீவருகே பிரிட்டிஷ் பாடகி கிர்ஸ்டி மக்கோல் தன் மகன்களுடன் முக்குளித்துவிட்டு மேலே வந்தபோது, படகுகளுக்குத் தடைவிதிக்கப்பட்ட பகுதிக்குள் பாய்ந்து வந்த விசைப்படகு மோதி இறந்தார். மகனைத் தள்ளிக் காப்பாற்றிவிட்டுத்தான் அவர் உயிரைவிட்டார். படகு, அந்நாட்டின் பெரும் வணிகக் குடும்பமொன்றைச் சேர்ந்தவருக்குச் சொந்தமானது. அதை ஓட்டியதாக ஒப்புக்கொண்ட பணியாளுக்கு விதிக்கப்பட்ட சிறைத் தண்டனை, சுமார் 90 டாலர் அபராதமாகச் சுருங்கியது. குடும்பத்தார் ஆண்டுக்கணக்கில் நீதி கேட்டுப் போராடியும் பெரிய பலன் இல்லை. அங்கே தடைசெய்யப்பட்ட பகுதி இருந்தது, விதி இருந்தது. படகை நிறுத்தும் அதிகாரி கடலில் இல்லை.

நம் கரையில் நிலைமை இதனினும் தெளிவற்றது. முக்குளிப்பவருக்குப் பயிற்சியும் சான்றிதழும் கேட்கிறோம். அவர் தலைக்கு மேல் படகோட்டுபவரிடம் கொடிகளைப் பற்றி யார் கேட்கிறார்கள்? அரசமைப்புச் சட்டப்படி கடல்வழிக் கப்பல் போக்குவரத்து மத்திய அரசுடையது. எல்லைக்கடலுக்குள் மீன்பிடிப்பு மாநிலத்துடையது. சுற்றுலாப் படகுகளை ஊக்குவிப்பது மாநிலச் சுற்றுலாத் துறை. கண்காணிப்பில் கடலோரக் காவல் படையும் உண்டு, மாநிலக் கடலோரப் போலீஸாரும் உண்டு. 1983-ம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் விசைப்படகுகளைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் நிறுத்துகிறது; 1994-ம் ஆண்டின் ஆந்திரச் சட்டத்திலும் கரையோரக் கடல் பாரம்பரிய மீனவருக்கென ஒதுக்கப்படுகிறது. இரண்டுமே மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்த வந்தவை. முக்குளிப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஆதரவுடன் 2018-ல் வெளியான சாகசச் சுற்றுலா நெறிமுறைகள் ஸ்கூபாவைப் பற்றிப் பேசுகின்றன. ஆனால் நெறிமுறை என்பது சட்டமாகாது.

சர்வதேச விதியிலும் ஒரு குறை உண்டு. 'விலகிச் செல்' என்கிறது. எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. பெருங்கப்பல் மாலுமிக்கு அது போதும். கரையோரத்தில் சவாரிக்கு ஆள் சேர்த்துக்கொண்டு விரையும் சிறு படகுக்கு அளவு சொன்னால்தான் புரியும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் அதைச் செய்திருக்கிறது: திறந்த கடலில் கொடியிலிருந்து 300 அடிக்குள்ளும், ஆறு, முகத்துவாரம், கால்வாய் ஆகியவற்றில் 100 அடிக்குள்ளும் வரும் படகு மிக மெதுவாகவே ஊர்ந்து செல்ல வேண்டும். முக்குளிப்பவரும் அதே தூரத்துக்குள்ளேயே இருக்க முயல வேண்டும். கடமை இருபுறமும் இருக்கிறது என்பதுதான் அந்த விதியின் சிறப்பு. யாருமே நீருக்குள் இல்லாதபோதும் அலங்காரம்போலக் காலை முதல் மாலை வரை கொடியைப் பறக்கவிடும் படகுகள் உண்டு. பத்துமுறை வீணாக விலகிய படகோட்டி பதினோராவது முறை விலகமாட்டார். அவர்மேல் மட்டும் பழிபோடுவது நியாயமில்லை.

மீனவரின் பக்கமும் கேட்கப்பட வேண்டியது. தலைமுறை தலைமுறையாகத் தாம் வலை வீசிய இடத்தில் நகரத்திலிருந்து வந்த ஒரு நிறுவனம் கொடி நட்டுவிட்டு, 'விலகு' என்றால் எரிச்சல் வருவது இயல்பே. கொடியின் பொருளை அவருக்கு எவரும் சொல்லாததும், எந்த இடத்தில் எந்த நேரத்தில் முக்குளிப்பு நடக்கும் என்று ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்காததும் அவர் குற்றமா?

உண்மையில் முக்குளிப்பு தமிழ்க் கரைக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பவர் தன் கயிற்றை மைத்துனர் கையில் கொடுத்துவிட்டே இறங்குவார் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வதுண்டு. தங்கையின் வாழ்வு தன் பிடியில் என்று தெரிந்தவன் கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. முத்து போனபின்னும் சங்குகுளிகள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் படகிலுள்ள காற்றழுத்தக் கருவியிலிருந்து வரும் ரப்பர் குழாய் வழியே மூச்சுவிடுகிறார்கள். அந்தக் குழாயின் மேல் வேறொரு படகு ஏறிவிட்டால், விசிறி அவர் உடலைத் தொட வேண்டியதே இல்லை. ராமேசுவரம், மண்டபம் பகுதிப் பெண்கள் கண்ணாடி அணிந்து மூழ்கிக் கடற்பாசி பறிக்கிறார்கள். பழவேற்காடு ஏரியில் இருளர் மக்கள் கழுத்தளவு நீரில் அமர்ந்து, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இவர்கள் யாரிடமும் கொடி இல்லை. கொடியேற்றும் ஸ்கூபா நிறுவனத்துக்காவது கட்டணம் செலுத்திய வாடிக்கையாளர் உண்டு. கேட்க ஆள் உண்டு. திருவிழாக் காலத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஏரியில் ஓடும் படகுக்கு, இறால் துழாவும் ஒரு பெண்ணின் தலை கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும்? 'நீருக்குள் ஆள் இருக்கும் இடம்' என்ற ஒரு வகையைச் சட்டம் ஏற்குமானால், அது ஸ்கூபாக்காரருக்கு மட்டுமன்றி இவர்களுக்கும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

ருஷிகொண்டா கடற்கரைக்கு 2020-ல் 'நீலக் கொடி' என்ற சர்வதேசச் சான்று கிடைத்தது. 2025-ல் பராமரிப்புக் குறைகளால் அந்தக் கொடி சிறிது காலம் இறக்கப்பட்டபோது அரசு பதறியது. விரைந்து குறைகளைச் சரிசெய்து அதை மீட்டது. நல்லதுதான். சுற்றுலாப் பயணிகளை அழைக்கும் நீலக் கொடிக்குக் காட்டிய அந்த வேகத்தில் ஒரு பங்கை, உயிரைக் காக்கும் நீலவெள்ளைக் கொடிக்கும் காட்டியிருக்கலாம்.

நீர்ப்பாதுகாப்பில் நம் அரசுகளின் பழக்கம் எல்லோரும் அறிந்ததே. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். 2017 நவம்பரில் கிருஷ்ணா நதியிலும் 2019 செப்டம்பரில் கோதாவரியிலும் சுற்றுலாப் படகுகள் கவிழ்ந்தன. 2024 டிசம்பர் 18-ல் மும்பை கேட்வே அருகே, இயந்திரச் சோதனையில் இருந்த கடற்படை விரைவுப் படகே பயணிகள் படகில் மோதியது. ஒவ்வொரு முறையும் விபத்துக்குப் பின்னரே சவாரிகள் நிறுத்தப்பட்டன, விசாரணைகள் அறிவிக்கப்பட்டன. முக்குளிப்பவர் ஒருவர் படகில் அடிபட்டு இறந்தால் அந்த அளவுக்கேனும் செய்தியாகுமா என்பது சந்தேகம். ஒருவர், இருவர் சாவு ஒரு நாளில் மறந்துபோகும்.

வணிகக் கப்பல் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-ல் புதிதாக இயற்றியிருக்கிறது. அதன்கீழ் விதிகள் எழுதும்போதே முக்குளிப்புக் கொடிக்கான தூரத்தையும் வேகத்தையும் மீட்டர் கணக்கில் குறிப்பிடுவது கப்பல் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கடினமான வேலையன்று. சுற்றுலாப் படகுக்கு உரிமம் தருமுன் அதை ஓட்டுபவர் இந்தக் கொடியை அடையாளம் காண்கிறாரா என்று சோதிக்க ஆந்திர, தமிழக அரசுகள் தில்லியைப் பார்த்துக் காத்திருக்கவும் தேவையில்லை. பழவேற்காடு ஏரியை இரு மாநிலங்களும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. மீனவர்களுக்குள் எல்லைச் சச்சரவுகள் ஓயவில்லை. அந்தச் சச்சரவில் சிக்காத பொருள் இது. இரு மாநில மீன்வளத் துறைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களையும் படகு செல்லும் தடத்தையும் தனித்தனியே பிரித்து மிதவைகள் இட முடியும். பாடு முறை வைத்துத் தமக்குள் முறைபோட்டு மீன்பிடிக்கும் ஏரிக் கிராமங்களுக்கு, இடத்தைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்று அரசு கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்களிடம் கேட்டாலே போதும்.

2025 ஆகஸ்டில் ககன்யானின் மற்றொரு சோதனைக் கலம் ஹெலிகாப்டரிலிருந்து அதே கடலில் இறக்கப்பட்டது; கடற்படையினர் மீண்டும் மீட்டனர். அடுத்தடுத்த சோதனைகளுக்காக அந்தக் கடல் இன்னும் பலமுறை வெறிச்சோடும். ஏவுதல் எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு தடா, சூளூர்பேட்டை மீனவ கிராமங்களுக்குச் செல்லும் அலுவலர்களிடம், அந்தக் கொடியின் படமும் விலகிச் செல்ல வேண்டிய தூரமும் அச்சிட்ட ஒரு தாளையும் கொடுத்தனுப்பலாம், தெலுங்கிலும் தமிழிலும்.