ஆபீஸ் லேப்டாப்பா... எழுதி வாங்குங்க!

திண்டிவனத்தில் இருக்கும் என் தம்பி, சென்னையில் வேலையை விட்டபோது, அவன் உபயோகித்த லேப்டாப்பை, 'நீங்களே வெச்சுக்குங்க' என்று ஆபீசில் வாய் வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்து விட்டனர். அவனோ, 'அக்கா, பாப்பா படிப்புக்கு ஆகும்' என, விழுப்புரத்துக்கே கொண்டு வந்து கொடுத்தான்.

நாலு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் திறந்தால், உள்ளே ஒன்றுமே இல்லை. ஆபீஸ் பெயரைக் காட்டி, பாஸ்வேர்டு கேட்கிறது! மகள் டைப் செய்த பிராஜக்ட், காலமான என் அப்பாவின் மணிவிழா போட்டோக்கள் எல்லாம் போயே போச்சு.

ரிப்பேர் கடைக்காரர், 'ஆபீஸ்லேர்ந்தே அழிச்சிருக்காங்கம்மா. நான் பார்மெட் செஞ்சாலும், நெட் கொடுத்ததும் திரும்ப ஆபீசைத்தான் கேட்கும். அவங்க லிஸ்ட்லேர்ந்து எடுத்தாத்தான் உண்டு' என்றார். தம்பி போன் செய்தால், 'கொடுத்ததுக்கு பேப்பர் இருக்கா?' என்று, திருடனைக் கேட்பது போல கேட்டிருக்கின்றனர். பதினைந்து நாள் அலைந்த பிறகே, லிஸ்டிலிருந்து எடுத்தனர். வேலையை விடுகிறவருக்கு பிரியாணி போட்டு வழியனுப்புகிறவர்கள், ஒரு கடிதம் கொடுத்தால் குறைந்தா போய் விடுவர்?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை, மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ல் நிறுத்தி விட்டது. ஆபீஸ்கள் கழிக்கும் பழைய லேப்டாப்கள் இனி நிறைய வீடுகளுக்கு வரும். வாங்கும்போதே, அடியில் உள்ள சீரியல் நம்பரைக் குறிப்பிட்டு கடிதம் வாங்குங்கள். லிஸ்டிலிருந்து எடுத்தாச்சா, ஆபீஸ் போட்ட பாஸ்வேர்டு எதுவும் பாக்கி இருக்கா என்று கேளுங்கள். அப்புறம், முழுசாக அழித்து, புதிதாக விண்டோஸ் ஏற்றி, உங்கள் பெயரில் கணக்கு துவங்குங்கள். போட்டோக்களை பென் டிரைவிலும் போட்டு வையுங்கள்.

பிராஜக்டை மகள் திரும்ப டைப் செய்து விட்டாள். மணிவிழா போட்டோவுக்காக, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்காக வாட்ஸ் ஆப்பில் கேட்டுக் கொண்டிருக்கிறேன்.

— ஒரு வாசகி, விழுப்புரம்.