மீனுக்கு முன் தண்ணீர்!

மாரண்டஹள்ளி வட்டாரத்து விவசாயிக்குத் தக்காளியின் குணம் நன்றாகத் தெரியும். ஒரு மாதம் கூடைக்கு நல்ல விலை. மறு மாதம் பறிகூலிக்கே கட்டாது. பாலக்கோடு சந்தையில் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துச் சலித்தவர்கள், வீட்டோடு இருந்து செய்யக்கூடிய உபதொழில் ஏதாவது உண்டா என்று தேடுவது இயற்கையே. கறவை மாடு, கோழி, பட்டுப்புழு என்ற வரிசையில் வண்ண மீனும் இப்போது சேர்ந்திருக்கிறது.

மத்திய சர்க்கார் 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனாவில் இதற்கும் இடம் தரப்பட்டது. கொல்லைப்புறத்தில் வண்ண மீன் வளர்க்கும் சிறு கூடத்துக்கு 3 லட்சம் ரூபாய் செலவு என்று மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வகுத்தார்கள்.

தொட்டி வாங்கப் பணத்துக்கு வழி சொல்லியாயிற்று. அதில் ஊற்றத் தண்ணீருக்கு வழி என்ன? தருமபுரி மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

விரல் நீள மீன்

வண்ண மீன்களில் பல ரகம் உண்டு. வீட்டில் சிறு தொட்டியில் வைத்துக் குஞ்சு எடுப்பதற்கென்று ஆர்வலர்கள் விரும்பித் தேடுவது குட்டைச் சிக்லிட் மீன்களை. சிக்லிட் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். குடும்பம் நமக்குப் பழக்கமானதுதான். குளத்தில் பிடிபடும் ஜிலேபிக் கெண்டையும் ஒரு சிக்லிட்டே. அதன் தூரத்து உறவினர்களான அப்பிஸ்டோகிராம்மா மீன்கள் தென் அமெரிக்க ஓடைகளில் வாழ்பவை. ஆண் மீன் ஒரு விரல் நீளம். பெண் அதைவிடச் சிறியது. வெனிசுலா, கொலம்பியா சமவெளிகளைச் சேர்ந்த ராமிரெசி என்ற அழகிய மீனுக்கு விஞ்ஞானிகள் பெயர் சூட்டியது 1948-ல்.

இவற்றின் குடித்தனம் பார்க்கத் தகுந்தது. செடி அடர்ந்த தொட்டியில், சிறு துவாரமிட்ட கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தால் போதும். அப்பிஸ்டோகிராம்மா பெண் மீன் அதற்குள் புகுந்து முட்டையிடும். உடனே மேனி மஞ்சளாக மாறும். அருகே வருவது தன்னைவிடப் பெரிய மீனாக இருந்தாலும் விரட்டும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும். மேலும் நாலைந்து நாளில் குஞ்சுகள் நீந்தும். கோழி குஞ்சுகளை அழைத்துப் போவதுபோல் தாய் அவற்றை மேய்த்துச் செல்லும்.

தென்னை உள்ள ஊரில் கொட்டாங்கச்சிக்குப் பஞ்சமில்லை. தொட்டியில் போடும் பாதாம் இலைச் சருகும் காசு கொடுத்து வாங்க வேண்டியதல்ல. சேலம் - பெங்களூரு ரயில் பாதை ஊர் வழியே போகிறது. சென்னை கொளத்தூரிலோ வண்ண மீனுக்குப் பெரிய சந்தையே இருக்கிறது. பிறகு என்ன தடை?

தடை எங்கே?

தடை ஆழ்குழாய்க் கிணற்றில் இருக்கிறது. அப்பிஸ்டோகிராம்மா வகைகளில் பலவும் மென்மையான, சற்றே புளிப்புத் தன்மையுள்ள நீரில் பழகியவை. தருமபுரியில் பல கிணறுகளின் நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. அதில் மீன் உயிரோடு இருக்கலாம். முட்டை பொரிப்பது சந்தேகம். பாதாம் சருகை எவ்வளவு போட்டாலும் சுண்ணாம்பு நீர் எளிதில் மசியாது.

அப்படியானால் குழாயில் வரும் காவிரி நீரைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். இங்கேதான் நிதானம் தேவை. இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது பல்லைக் கறையாக்கும். நாளடைவில் எலும்பையும் வளைக்கும். அந்தத் துன்பத்தைத் தீர்க்கவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. குழந்தைகளின் பல்லையும் எலும்பையும் காப்பாற்ற வந்த தண்ணீரை அலங்கார மீனுக்கு ஊற்றுவது நியாயமாகாது.

வானம் தரும் வழி

மிச்சமிருப்பது மழை. வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு என்பதைத் தமிழ்நாடு 2003-லேயே கட்டாயமாக்கியது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். வீணாவது போக 800 லிட்டர் தேறும்.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி சுமார் 54 லிட்டர் கொள்ளும். வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றினால் 13 லிட்டருக்குச் சற்று மேல் ஆகும். பத்துத் தொட்டிகளுக்கு வாரம் சுமார் 135 லிட்டர். மழையில்லாத நான்கு மாதத்துக்கு ஏறத்தாழ 2,300 லிட்டர். இரண்டு மூன்று பிளாஸ்டிக் தொட்டிகளில் மூடி வைத்தால் தீர்ந்தது. கழித்து ஊற்றும் பழைய நீர் தென்னைக்கு உரம்.

சுத்த மழைநீரை மட்டும் ஊற்றுவதும் தவறு. அதில் தாது உப்பு இல்லாததால் புளிப்பு திடீரென ஏறி மீன் மடியும். கொஞ்சம் கிணற்று நீரைக் கலக்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

வெப்பமும் ஒரு விஷயம். நீர் சூடானால் அப்பிஸ்டோகிராம்மா குஞ்சுகளில் ஆண்களே மிகும், குளிர்ந்தால் பெண்களே மிகும் என்று 1996-ல் வெளியான ஜெர்மானிய ஆராய்ச்சி காட்டியது. சித்திரை வெயில் தொட்டியில் இறங்கினால் ஜோடி சேராது, வியாபாரமும் படியாது.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு நம் நாட்டு மீனே இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கரையோர நீர்நிலைகளில் வாழும் ஆரஞ்சு குரோமைடு, மலையாளிகள் பள்ளத்தி என்று சொல்வது, மூன்றங்குல அளவுள்ள சிக்லிட். கடின நீரைத் தாங்கும். அதன் குஞ்சுகள் பெற்றோரின் மேனியில் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்று வளரும் காட்சி எந்த அயல்நாட்டு மீனுக்கும் இளைத்ததல்ல.

ஆற்றில் விடாதீர்!

இன்னொரு எச்சரிக்கை. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் பஞ்சப்பள்ளி அணை. அங்கே தேங்கும் சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கிறது. வேண்டாத மீனை வாய்க்காலில் விட்டால் அது போய்ச் சேரும் இடத்துக்கு எல்லையில்லை.

ஆப்பிரிக்க ஜிலேபிக் கெண்டை 1952-ல் உணவுக்காகத்தான் இந்தியாவுக்கு வந்தது. தாய் குஞ்சுகளை வாயில் வைத்துக் காத்ததால் அது பல்கிப் பெருகி, பல நீர்நிலைகளில் நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் கொட்டிய சக்கர் மீன் இன்று மீனவர் வலையைக் கிழிக்கிறது. கரையோரப் பள்ளத்திகூடச் சின்னாற்றுக்கு அந்நியமே. பிழைக்காது என்று நினைத்து விடும் மீன்களில் எது பிழைத்துப் பெருகும் என்று விடுகிறவரால் சொல்ல முடியாது.

ஆகவே வண்ண மீன் தொழில் இங்கே கூடாது என்பதில்லை. வரிசை மாறக்கூடாது. முதலில் நீர்ப் பரிசோதனை. அடுத்து மழைநீர்த் தொட்டி. பிறகு இரண்டு தொட்டியில் வெள்ளோட்டம். கடைசியில்தான் கடனும் மானியமும். மானியம் வழங்கும் சர்க்காரும் மழைநீர்த் தொட்டியைச் செலவுக் கணக்கில் முதல் இனமாகச் சேர்க்க வேண்டும். குடிநீருக்கே பல்லாண்டு காத்திருந்த மாவட்டத்தில், மீன் தொட்டிக்கான நீர் கூரையிலிருந்து வரட்டும். குழாய் நீர் குழந்தைகளுக்கே இருக்கட்டும்.