பாசி தின்ன மீன் வாங்காதீங்க

செடி வச்ச மீன் தொட்டி ஒண்ணு ஆரம்பிச்சீங்கன்னா, கொஞ்ச வாரத்தில் கண்ணாடி பச்சையாகும். இலை ஓரத்தில் நூல் நூலாகத் தொங்கும். கடையில் போய்க் கேட்டா பெரும்பாலும் ரெண்டு பதில்தான். ஒண்ணு, பாட்டில் மருந்து. இன்னொண்ணு, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கிட்டு நிற்கும் கறுப்பு மீன். ‘டேங்க் கிளீனர்’, ‘சக்கர்’ என்று சொல்லி ரெண்டு இஞ்ச் குட்டியைப் பையில் போட்டுக் கொடுப்பாங்க. என் கருத்து சிம்பிள்: அந்த மீனை வாங்காதீங்க. காரணம் தொட்டிக்குள்ளேயும் இருக்கு, தொட்டிக்கு வெளியேயும் இருக்கு.

முதல்ல உள்ளே. மாஸ் பேலன்ஸ் ஞாபகம் இருக்கா? உள்ளே வருவதில் வெளியே போவதைக் கழிச்சா, மிச்சம் உள்ளேயே சேரும். தொட்டிக்குள் வருவது மீன் தீனி. மீன் அதைத் தின்று அமோனியாவாக வெளியே விடுகிறது. ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. தீனியோடு பாஸ்பேட்டும் வருது. செடி நல்லா வளர்ந்தா இதையெல்லாம் அதுவே இழுத்துக்கும். லைட் அதிகம், கார்பன் டை ஆக்சைடு கம்மி என்று ஆகும்போது செடி திணறி நின்னுடும். அப்போ மிச்சமாகும் சாப்பாட்டுக்குப் பந்தியில் உட்காருவதுதான் பாசி.

இதை ஒரு ஏரியிலேயே செஞ்சு பார்த்திருக்காங்க. 1973-ல் கனடாவின் ஒன்டாரியோவில், டேவிட் ஷிண்ட்லர் குழு ‘ஏரி 226’ என்ற ஏரியின் நடுவே ஒரு திரை கட்டி அதை ரெண்டாகப் பிரித்தது. ரெண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டாங்க. ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் மட்டும் பச்சையானது. நம்ம மாவட்டத்து உதாரணம் வேணும்னா ஊட்டி ஏரி. 1820-களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஏரி. ஊர்க் கழிவுநீர் கலந்து கலந்து, ஆகாயத்தாமரை மண்டியது. கழிவு வருவது நிற்காதவரை, எவ்வளவு வாரி எடுத்தாலும் திரும்ப வளரும்.

இப்போ அந்த சக்கரை இந்தக் கணக்கில் வச்சுப் பாருங்க. பாசியைத் தின்றாலும் அதில் இருந்த சத்து எங்கேயும் போகலை. கழிவாக அதே தண்ணிக்குத்தான் திரும்புது. போதாததுக்கு அந்த மீனுக்கும் தனியாகத் தீனி போடணும். தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் இந்த வகை ஒன்றரை அடி வரை வளரும், பத்து வருஷத்துக்கு மேலேயும் வாழும். வளர வளர பாசியில் ஆர்வம் குறையும். ரெண்டடி தொட்டியில் அது திரும்பினாலே நட்ட செடி பிடுங்கிக்கும்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வரும்: இதை என்ன பண்றது? சாகடிக்க மனசு வராது. ‘பாவம், உயிரோட விட்டுடலாம்’ என்று பக்கத்து ஓடையிலோ குளத்திலோ விடுவாங்க. பாவம் பார்க்கிற அந்த நல்ல மனசுதான் இங்கே ஆபத்து.

எங்க ஊர் நாடுகாணி. கூடலூரிலிருந்து வரும் ரோடு இங்கே பிரிந்து, ஒண்ணு தேவாலா, பந்தலூர் போகும். இன்னொண்ணு மலை இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் போகும். தண்ணியும் கீழே கேரளாவுக்குத்தான் இறங்குது. இந்தப் பக்கத்து ஓடைகள் பாண்டியாறு, புன்னம்புழா என்று சேர்ந்து, சாலியாறாகி, பேப்பூரில் அரபிக்கடலைத் தொடும். தமிழ்நாட்டில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒண்ணு தேவாலா. ஜூன், ஜூலையில் ஓடையில் விடும் எதுவும் விட்ட இடத்தில் நிற்காது.

‘மலைத் தண்ணி குளிரு, அந்த மீன் தாங்காதுப்பா’ என்று சிலர் சொல்றாங்க. மேலே தாங்காமல் போகலாம். ஆனா நிலம்பூர் சமவெளி குளிரில்லையே? சக்கர் ஏற்கெனவே கேரள நீர்நிலைகளிலும், சென்னை ஏரிகளிலும், ஆந்திராவிலும் வலையில் சிக்குது. உடம்பு முழுக்க முள்ளோடு கூடிய எலும்புத் தகடு, அதனால் வலை கிழியுது. தண்ணியில் ஆக்சிஜன் குறைஞ்சா மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைச்சுக்கும். முட்டையிட கரையைக் குடையும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் அமேசானின் அரபைமா மீனே கிடைச்சது. வளர்ப்பு மீன் ஆற்றுக்குப் போவது வெறும் கற்பனை இல்லை.

சாலியாற்றில் என்ன இருக்குன்னு தெரியுமா? வெளிநாட்டு அக்வேரியங்களில் கூட்டமாக நீந்தும் டெனிசன் பார்ப், அதாவது ‘மிஸ் கேரளா’, அங்கே இருக்கு. 1865-ல் பிரான்சிஸ் டே விவரித்த மீன். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. ஐயுசிஎன் அதை அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று வகைப்படுத்தியிருக்கு. இப்படி ஒரு ஆற்றின் தலைமாட்டில் உட்கார்ந்துக்கிட்டு, ரெண்டடி கண்ணாடியைத் துடைக்கச் சோம்பல்பட்டு, அமேசான் மீனை நாம இறக்குறோம்.

சரி, பாசிக்கு என்னதான் பண்றது? லைட்டை ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீங்க. ஒரு சாதாரண டைமர் போதும். ஜன்னல் வெயில் படாத இடத்தில் தொட்டியை வைங்க. ரெண்டு நிமிஷத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு மட்டும் தீனி போடுங்க. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணியை மாத்துங்க. எடுத்த தண்ணியை ரோஜாச் செடிக்கோ மிளகுக் கொடிக்கோ ஊத்துங்க, அது நல்ல உரம். முதல் நாளே வேகமா வளரும் செடிகளை நெருக்கமா நடுங்க. ஸ்கூல் லேபில் புனலைக் கவிழ்த்துக் குமிழி காட்டிய ஹைட்ரில்லாவே போதும். படிஞ்ச பாசியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுங்க. பாட்டில் மருந்தில் தாமிரம் இருந்தா இறால் செத்துடும். பாசி மொத்தமா செத்து அழுகினாலும் தண்ணியில் ஆக்சிஜன் குறையும், சத்தும் உள்ளேயேதான் இருக்கும்.

ஏற்கெனவே சக்கர் வாங்கியிருந்தா, வாங்கின கடையிலேயே திருப்பி எடுத்துக்குவாங்களான்னு கேளுங்க. இல்லைன்னா பெரிய தொட்டி வச்சிருக்கும் யாருக்காவது கொடுங்க. வெட்டிப்போட்ட தொட்டிச் செடிகளையும் ஓடையில் போடாதீங்க, வெயிலில் காய வச்சு உரக்குழியில் போடுங்க. ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காகத்தான் இந்தியாவுக்கு வந்தது.

தொட்டி உங்களது. அதில் என்ன வளர்க்கிறதுன்னு நீங்க முடிவு பண்ணலாம். ஆறு அப்படி இல்லை. கீழே நிலம்பூரில் வலை போடுபவர்கிட்ட நாம யாரும் கேட்கலையே.