வெயிலுக்கும் ஒரு மேல்படிப்பு!

வெயில் ஆளைக் கொல்லுமா?

கொல்லும். ஆனால் கையும் களவுமாகப் பிடிபடாது!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மக்களுக்கு வெயில் புதிதல்ல. வானம் பார்த்த பூமி அது. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் குண்டாற்றில் மணல்தான் மிஞ்சும். கோடையிலும் அங்கே பலருக்கு வெட்டவெளியில்தான் வேலை. சீமைக் கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். மேலே சூரியன். பக்கத்தில் மூட்டத்து நெருப்பு!

"இந்த வெயில் எங்களுக்குப் பழகிப்போச்சு" என்பார்கள் பெரியவர்கள். உண்மைதான். உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் கண்டறிய இப்போது மேல்படிப்பே வந்துவிட்டது. பருவநிலை மாறுவதையும், அதனால் மக்களுக்கு வரும் நோய்களையும் சேர்த்து ஆராயும் படிப்பு அது.

பானையும் உடம்பும்

மனித உடம்பின் சூடு ஏறக்குறைய 37 டிகிரி. வேலை செய்தால் சூடு ஏறும். வேர்வை கசிந்து, காயும்போது சூடு தணியும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்!

வறண்ட காற்றில் வேர்வை உடனே காய்ந்துவிடும். எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று வேலை செய்கிறவருக்கே தெரியாது. உடம்பில் நீர் குறைந்தால் இதயத்துக்கு வேலை அதிகம். நாள்தோறும் இப்படியே நடந்தால் சிறுநீரகம் கெடும். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டி, நினைவும் தடுமாறினால் உயிருக்கே ஆபத்து.

800 கர்ப்பிணிகள்

சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியை வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் 2017-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி பக்கத்தில் சுமார் 800 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் வயல், செங்கல் சூளை போன்ற சூடான இடங்களில் வேலை செய்தவர்கள்.

2024-ல் முடிவு வெளிவந்தது. சூடு குறைந்த இடங்களில் வேலை செய்தவர்களில் 100-க்கு 2 பேருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. சூட்டில் உழைத்தவர்களில் 100-க்கு 5 பேருக்கு!

"தலைவிதி" என்று சொல்லி அழுத தாய்மார்கள் எத்தனை பேரோ! அந்த அழுகைக்கு வெயிலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

ஆமதாபாத் கற்ற பாடம்

2010 மே மாதம் குஜராத்தின் ஆமதாபாத் நகரில் கடும் வெயில். 46 டிகிரியைத் தாண்டியது. பிறகு ஆராய்ச்சியாளர்கள் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினார்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை வெயில், எத்தனை இறப்பு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார்கள். வழக்கமான மே மாதத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள்!

கணக்கு தெரிந்ததும் நகரம் விழித்துக்கொண்டது. 2013-ல் வெயில் தடுப்புத் திட்டம் வந்தது. வெயில் ஏறும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். தண்ணீர் வைத்தார்கள். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பயிற்சி தந்தார்கள். முதலில் கணக்கு, அப்புறம்தான் காரியம்!

சான்று யார் தருவது?

தமிழ்நாட்டிலும் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம்.

ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று சான்று வேண்டும். இங்கேதான் சிக்கல்!

காட்டில் மயங்கி விழுந்தவர் வீட்டில் இறந்தால், "மாரடைப்பு" என்று சொல்லி முடித்துவிடுவதே வழக்கம். அன்று எத்தனை டிகிரி வெயில், எத்தனை மணி நேரம் வேலை, எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டு எழுத ஆள் வேண்டாமா? எழுதாவிட்டால் சான்று ஏது? சான்று இல்லாவிட்டால் பணம் ஏது?

விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அருப்புக்கோட்டையில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்குள்ள பதிவேடுகளோடு நாள்வாரி வெயில் கணக்கையும் சேர்த்துப் பார்க்க, இந்தப் படிப்புப் படித்தவர்கள் வரவேண்டும்.

"எண்ணி என்ன பயன்? வெயில் குறையுமா?" என்று கேட்கலாம்.

வெயில் குறையாது. ஆனால் வேலை நேரத்தை மாற்றலாம். மூட்டத்தின் அருகே பந்தல் போடலாம். ஓய்வு கொடுக்கலாம். ஓய்வு எடுத்தால் கூலி போய்விடுமே என்ற கவலையும் உண்டு. அது நியாயமான கவலை. எத்தனை நிமிட ஓய்வு உயிரைக் காக்கும், அந்தக் கூலியை யார் ஏற்பது என்பதையும் கணக்கோடு பேசினால்தான் அரசு கேட்கும், முதலாளியும் கேட்பார்.

யார் படிக்கலாம்?

பொது சுகாதார மேல்படிப்பு பெரும்பாலும் 2 ஆண்டுகள். டாக்டர்கள் மட்டும்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. பல பல்கலைக் கழகங்கள் நர்சிங், விஞ்ஞானம், சமூகவியல் படித்த பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்கின்றன.

படிப்பு சென்னையில் இருக்கலாம். பாடம் இருப்பது கரிசல் காட்டில்! மூட்டத்தை எந்த நேரத்தில் பிரிப்பார்கள், களை எடுக்கும் பெண்கள் எப்போது தண்ணீர் குடிப்பார்கள், ஏன் குடிக்காமல் அடக்கிக்கொள்வார்கள் என்பதெல்லாம் திருச்சுழிப் பெண்ணுக்குத் தெரியும். வெளியூர்க்காரர் கேட்டால் சொல்லக் கூச்சப்படுவதை, அவளிடம் மனம் திறந்து சொல்வார்கள்.

பட்டம் வாங்கிய மகளை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று யோசிக்கும் வீடுகள் இந்தப் படிப்பையும் விசாரித்துப் பாருங்கள். அவள் எழுதப்போகும் கணக்கில் சொந்த ஊரின் உயிர்கள் இருக்கின்றன.